தண்ணீர் வடிந்த பிறகு ஜீப்பின் அடியில் பார்க்க வேண்டியவை

மஸ்கட்
14.2.2025, வெள்ளி

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நலம். அத்தையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டிசம்பரில் பெண்ணையாற்று வெள்ளம் வந்தபோது ஜீப் இரண்டு நாள் சக்கரம் மூழ்க நின்றது, தண்ணீர் வடிந்ததும் என்ஜின் ஆயிலை மட்டும் மாற்றி ஓட்டுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளியும் சனியும் இங்கே விடுமுறை. பிப்ரவரியில் வெயில் இறங்கியிருப்பதால், விடிந்ததும் பழைய டொயோட்டா லேண்ட் குரூசர்கள் வஹிபா பாலைவன மணலுக்கும் ஜபல் அக்தர் மலைக்கும் கிளம்பிவிடும். ஜபல் அக்தருக்கு ஏறும் வழியில் போலீஸ் சாவடி இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற வசதி, இல்லாத வண்டியை மேலே விடமாட்டார்கள். 80 சீரிஸ் என்ற மாடல் 1990-இல் வந்தது. நம் ஊரில் அந்த வயசு வண்டியை எடைக்குப் போட்டிருப்போம். இங்கே அதற்கு மதிப்பு இறங்கவே இல்லை. 70 சீரிஸ் பிக்கப்புக்கு ‘ஷாஸ்’ என்று செல்லப்பெயரே உண்டு. வண்டியின் அடிச்சட்டத்தைச் சொல்கிற சேசிஸ் என்ற சொல்தான் அரபி வாயில் அப்படி ஆகியிருக்கிறது.

இவை உழைப்பதற்குக் காரணம் ஓட்டிவிட்டு வந்ததும் அடியில் படுத்துப் பார்க்கிற வழக்கம். வாதி என்பது மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் காட்டாறு. அதில் இறங்கிய வண்டியை மறுநாளே மஸ்கட்டின் வாதி கபீர் பகுதிப் பட்டறைகளில் குழிமேல் நிறுத்தி, டிஃப்ரன்சல் (வளைவில் இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற பல்சக்கர அமைப்பு) ஆயிலைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் போன வண்டிக்கே இந்தக் கவனிப்பு. நம் ஜீப் இரண்டு நாள் நின்றிருக்கிறது.

என்ஜினைத் தவிர நம் வண்டியில் ஆயில் நிற்கிற இடம் இன்னும் நான்கு: கியர்பாக்ஸ், என்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தருகிற டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப்ரன்சல், பின் டிஃப்ரன்சல். இவை ஒவ்வொன்றுக்கும் மூச்சுவிட ப்ரீத்தர் என்ற சின்னக் காற்றுத் துவாரம் உண்டு. ஓடிச் சூடான ஹவுசிங் (வெளிக்கூடு) குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப ப்ரீத்தர் வழியாகத் தண்ணீர் போகும். ப்ரீத்தர் சேறு அடைத்திருந்தால், ஆயில் கசியாமல் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பிடிக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டு வழியாகப் போகும். நின்ற வண்டியிலும் தேய்ந்த சீல் தண்ணீரைத் தடுக்காது.

சோதிப்பது இப்படி. வண்டியைச் சமதளத்தில் ஓர் இரவு அசைக்காமல் நிறுத்துங்கள். காலையில் முதலில் மேலே உள்ள, ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். அது துருப்பிடித்து அசையாவிட்டால், கீழே ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டியிருக்கும். அது திறந்த பிறகு டிரெயின் பிளக்கை முழுக்கக் கழற்றாமல் ஒன்றிரண்டு சுற்று மட்டும் இளக்குங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனம், அடியில் நிற்கும், அதனால் முதலில் அதுதான் சொட்டும். தண்ணீர் சொட்டாமல் ஆயில் டீக்கடை டீ மாதிரி வெளுத்துக் கலங்கி வந்தால், ஓடி ஓடிக் கலந்துவிட்டது என்று அர்த்தம். அந்தக் கலங்கல் பேரிங்கைக் காப்பாற்றாது. உருளைகள் மேல் முதலில் துருப்புள்ளி விழும், பிறகு ஊளைச் சத்தம் வரும்.

கலங்கியிருந்தால் முழுக்க இறக்கிவிட்டு, மலிவான ஆயிலோடு கொஞ்சம் டீசல் கலந்து ஊற்றி, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் மட்டும் சுற்றுங்கள். அந்தக் கலவையோடு ரோட்டில் ஓட்டவே கூடாது. அதையும் இறக்கிவிட்டு, இபி 90 என்ற கியர் ஆயிலை ஃபில்லர் ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பிளக்கை இளக்கிப் பாருங்கள்; லேசாக வெளுத்திருந்தாலும் இன்னொரு தடவை மாற்றுவது பேரிங் செட்டைவிட மலிவு. பிளக்கில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம்தான். விரல் நுனியில் கிள்ளி எடுக்கிற மாதிரி இரும்புத் துண்டு வந்தால் ஹவுசிங்கைத் திறந்துதான் ஆகவேண்டும்.

ப்ரீத்தருக்கு இங்கே எல்லோரும் செய்கிற வேலை ஒன்று: மூடியைக் கழற்றிவிட்டு ரப்பர் ஹோஸ் மாட்டி, பானட்டுக்குள் ஃபயர்வால் (என்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) உயரத்துக்கு இழுத்துக் கட்டி, நுனியில் சின்ன பெட்ரோல் ஃபில்டர் ஒன்றைச் செருகிவிடுவார்கள். ஆக்சில் (சக்கர அச்சு) மேலும் கீழும் ஆடும் அளவுக்கு ஹோஸில் தொய்வு இருக்கட்டும். அரை நாள் வேலை, செலவும் பெரிதில்லை. அடுத்த மழைக்கு முன்னால் இதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

அடுத்தது முன் சக்கரத்துக்குப் பின்னால், ஆக்சில் நுனியில் சக்கரம் திரும்புகிற இடத்தில் இருக்கிற இரும்பு உருண்டை. லேண்ட் குரூசரிலும் அதே அமைப்புதான். வெள்ளைத் துணியால் உருண்டையைத் துடைத்துப் பாருங்கள். கெட்டியாகக் கறுப்புக் கிரீஸ் மெல்லிசாக ஒட்டியிருந்தால் நல்லது. நீர்த்த கறுப்பு எண்ணெய் கோடு கோடாக வழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருந்தால், உள்ளே ஆக்சில் சீல் போய்விட்டது. டிஃப்ரன்சல் ஆயில் உருண்டைக்குள் வந்து கிரீஸைக் கஞ்சியாக்கிவிட்டது. தண்ணீரும் புகுந்திருந்தால் பழுப்புச் சேறாகத் தெரியும்.

பலரும் சீலை மட்டும் மாற்றிவிட்டு, மூன்று மாதத்தில் திரும்ப வருகிறார்கள். சீல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: சக்கரம் இடவலம் திரும்புகிற அச்சைத் தாங்கும் கிங் பின் பேரிங்கோ வீல் பேரிங்கோ தளர்ந்து ஷாஃப்ட் மையம் தப்பிச் சுற்ற, சீல் உதடு ஒரே பக்கம் தேய்கிறது. அதனால் இங்கே நல்ல மேஸ்திரிகள் சீல், இரண்டு கிங் பின் பேரிங், கேஸ்கெட், உருண்டையைத் துடைக்கும் ஃபெல்ட், ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) சீல் எல்லாவற்றையும் ஒரே செட்டாக மாற்றுவார்கள். லேண்ட் குரூசர் ஹப்பில் ஆறு கூம்பு வாஷர்கள் இறுகிக் கிடக்கும். பித்தளை சுத்தியலால் பக்கத்தில் தட்டினால்தான் துள்ளி வெளியே வரும். வீல் பேரிங் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் இருக்கிறது. உளி வைத்து அடித்துத் திருப்பினால் நட்டின் முனை சிதைந்து, சரியான இறுக்கம் கிடைக்காது. கடைசியில் ஃபெல்ட் மாட்டுவதற்கு முன், இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கிற டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டீயரிங் ஆர்மில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்து, எத்தனை கிலோவில் அசைகிறது என்று பார்த்து ஷிம் என்ற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைப்பார்கள். டொயோட்டாவுக்கு உருண்டைக்குள் முக்கால் பங்கு மாலிப்டினம் கிரீஸ். நம் ஜீப்புக்கு எது, எவ்வளவு என்பதை மஹிந்திரா சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துப் போடச் சொல்லுங்கள்; டொயோட்டா கணக்கை அப்படியே எடுத்துவிட வேண்டாம்.

பிரேக் டிரம்மையும் கழற்றுங்கள். வண்டல் உள்ளே தங்கியிருந்தால் ஷூவையும் டிரம்மையும் அரம் போல அராவிவிடும். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், அது காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். ஜபல் அக்தர் இறக்கத்தில் அந்த ஈரம் கொதித்து ஆவியாகி பெடல் தரைவரை போவது உண்டு. அதனால்தான் அங்கே லோ கியரில், என்ஜின் பிடித்து இறங்குகிறார்கள்.

துருவைப் பற்றி. கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) துறைமுகக் காற்று படுகிற வீடு நமக்கு. சேசிஸ் உள்ளிருந்துதான் அரிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். சின்ன சுத்தியலால் முன்னும் பின்னும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று பாடும். அரித்த இடம் ‘டொப்’ என்று அமுங்கும். சேசிஸின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி, வெள்ளச் சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி இறக்குங்கள். துருவைச் சுரண்டாமல் மேலே கறுப்பு அண்டர்கோட்டிங் பூசச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஈரம் உள்ளே அடைபட்டு இன்னும் வேகமாகத் தின்னும். வாட்டர் சர்வீஸில் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடிக்கிறார்களே, அதையும் நிறுத்திவிடுங்கள். ஸ்பிரிங் புஷ் ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும்.

மழைக்காலத்தில் ஈசிஆரில் ஃபோர் வீல் போட்டு ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தார் ரோட்டில் வேண்டாம் மாமா. நம் ஜீப்பில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே டிஃப்ரன்சல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் போகும். மணலில் அந்த வித்தியாசம் வழுக்கித் தீர்ந்துவிடும், காய்ந்த தாரில் வழுக்க இடமில்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் கிராஸ் ஜாயிண்ட்டிலும் முறுக்கேறும். லீவர் திரும்ப வரமாட்டேன் என்று பிடித்துக்கொள்வது அதனால்தான். இழுத்து உடைக்காமல், சில அடி ரிவர்ஸ் எடுத்தால் தானே விடும். அதற்காகப் போடாமலே வைத்திருந்தாலும் லீவர் இறுகிவிடும். மாதம் ஒருமுறை தேவனாம்பட்டினத்தில் மண்ணுள்ள இடமாகப் பார்த்துக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள்.

மணலில் இறங்குவதென்றால் காற்றை இறக்கிவிடுங்கள். இங்கே ரோட்டில் 35 பிஎஸ்ஐ காற்று இருக்கிற டயரை 15 முதல் 18 வரை இறக்குகிறார்கள். டயர் தரையில் நீளமாகப் படிந்து எடையைப் பரப்பும், சக்கரம் தோண்டாது. 12-க்குப் போனால் திடீரென்று திருப்பும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடலாம். ரோட்டுக்கு ஏறும் முன் மறுபடி காற்று நிரப்ப வேண்டும், இல்லையென்றால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். வீடு வந்ததும் உப்பு போக அடியில் நல்ல தண்ணீர் அடியுங்கள்.

தம்பி பெரிய டயரும் உயரத் தூக்குவதும் கேட்கிறான் என்றீர்கள். இங்கே இரண்டு அங்குலம் தூக்குகிறவர்கள்கூடக் கூடவே கேஸ்டரையும் (சக்கரம் திரும்புகிற அச்சின் சாய்வு) சரிசெய்கிறார்கள். விட்டால் ஸ்டீயரிங் ரோட்டில் அலையும். நம் ஊரில் வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதைத் தடுக்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேறு இருக்கிறது, ஆர்சி புதுப்பிக்கப் போகும்போது சிக்கல் வரும். அந்தப் பணத்தை இந்த வருஷம் அடிப்பகுதிக்குச் செலவழியுங்கள்.

ஹப்பைப் பிரித்ததும் பழைய சீலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதன் முகத்தில் பெரும்பாலும் மூன்று எண்கள் அச்சிட்டிருக்கும்: ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், தடிமன். அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்து, ஷாஃப்ட்டில் சீல் உட்காரும் இடத்தில் நகத்தில் தட்டுகிற பள்ளம் இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள். இங்கே கிடைத்தால் நானே வாங்கி அனுப்புகிறேன். அத்தைக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்