50 கிலோவில் 5 கிலோ 240 கிராம் எங்கே போனது?

அனுப்புநர்
இயற்பியல் ஆசிரியை,
குலசேகரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.
(முழு முகவரியும் ஆர்டர் எண்ணும் இணைப்பில்)

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
உடற்பயிற்சிக் கருவிகள் இணைய விற்பனைப் பிரிவு.

பொருள்: வீட்டு ஜிம் செட் – எடைக் குறைவு, விளம்பரத்தில் சொன்னதும் வந்ததும் வேறு வேறாக இருப்பது – பணத்தைத் திரும்பக் கேட்டல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வந்தது, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழையோடு. ஆகவே இதை ஒப்புகைச் சீட்டோடு தபாலில் அனுப்புகிறேன். காகிதம் என்றால் யாராவது ஒருவர் கையில் எடுத்துத்தானே ஆக வேண்டும்.

எனக்கு வயது 52. மூட்டு வலிக்காகப் பார்த்த மருத்துவர், மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் கரையத் தொடங்கும், நடந்தால் மட்டும் போதாது, வாரம் இரண்டு நாளாவது எடை தூக்குங்கள் என்றார். எங்கள் ஊரில் ஜிம் இல்லாமல் இல்லை. ஆனால் மாலையில் அங்கே நிற்கும் பையன்களில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். நான் எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் போடும்போது "டீச்சர், முதுகை நேரா வையுங்க" என்று அவர்கள் திருத்தும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருந்த அறை ஒன்று எங்கள் வீட்டில் சும்மா கிடந்தது. இப்போது ரப்பர் பாலை ஷீட் ஆக்காமல் பாலாகவே விற்றுவிடுகிறோம். அறை எட்டடிக்கு எட்டடி. பிளேட் மாட்டித் தூக்கும் ஒலிம்பிக் ராடு 2.2 மீட்டர் நீளம். சுவருக்குச் சுவர் 2.44 மீட்டர்தான் இருக்கிறது என்பதால் ராடை வைத்தால் பக்கத்துக்கு 12 சென்டிமீட்டர் மிஞ்சும், பிளேட் மாட்டக் கை நுழையாது. அதனால்தான் 5 அடி ராடு உள்ள உங்கள் 'சிறிய அறை' செட்டைத் தேர்ந்தெடுத்தேன். 50 கிலோ பிளேட், 5 அடி ராடு, இரண்டு டம்பெல் ராடு, மடக்கும் பெஞ்ச், ஸ்குவாட் ஸ்டாண்டு, தரைக்கு ஆறு ரப்பர் மேட். விலை ரூ.21,500. ஒரு வாரம் யோசித்து, அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். என் பக்கம் அளவெடுத்ததில் குறையில்லை.

பெஞ்ச் பூட்டிய கதையைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். இரண்டு போல்ட் குறைந்தன. என் கணவர் வெல்டிங் பட்டறையில் வாங்கி மாட்டிவிட்டார். அது புகாரில் சேராது. எடைதான் புகார்.

இரண்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தேன். நோட்டுப் போட்டு எழுதினேன். தரையில் கிடக்கும் ராடைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் செய்யும்போதெல்லாம் ராடு வலப்பக்கம் எழும்பி இடப்பக்கம் தாழ்ந்தது. என் இடது கைதான் பலவீனம் என்று நினைத்து அந்தக் கைக்கு மட்டும் தனியாக டம்பெல் தூக்கினேன். பிறகொரு நாள் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பௌதிகத் தராசு விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கே சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் ராடின் மறுபக்கம் போய் நின்று தூக்கினேன். தாழ்ந்த முனை இப்போது என் வலது கையில் இருந்தது. பாவம், என் இடது கை மேல் குற்றமில்லை.

மறுநாள் பத்துப் பிளேட்டையும் ஆட்டோவில் ஏற்றி, நாங்கள் ஷீட் விற்றுவந்த ரப்பர் கடைக்குக் கொண்டுபோனேன். முத்திரை போட்ட மின்னணுத் தராசு அது. 10 கிலோ என்று பொறித்த இரண்டும் 9.150, 8.740. 5 கிலோ என்று பொறித்த நான்கும் 4.790, 4.610, 4.380, 4.250. இரண்டரைக் கிலோ நான்கும் 2.310, 2.260, 2.180, 2.090. கூட்டினால் 44 கிலோ 760 கிராம். 50 கிலோவுக்குக் காசு வாங்கிய நீங்கள் 5 கிலோ 240 கிராம் தரவே இல்லை. கடைக்கார அண்ணன் தராசையும் பிளேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சரே, ஒட்டுப்பாலுக்குள்ள மண்ணை வச்சு உருட்டிக் கொண்டாற ஆளையெல்லாம் நான் பாத்திருக்கேன். அவனுவ எடையக் கூட்டத்தான் பாப்பானுவ. குறைச்சு வச்சுக் கூட்டி எழுதுத ஆள இப்பத்தான் பாக்கேன்." (ஒட்டுப்பால் என்பது மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் ரப்பர்.)

உங்கள் மூன்றாவது பதிலில் மட்டும் ஒரு வரி புதிதாக இருந்தது. தயாரிப்பில் 5 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாமாம். சரி, அதையே ஏற்றுக்கொள்கிறேன். இங்கே குறைந்திருப்பது 10 சதவீதத்துக்கும் மேல். அதைவிட, 'கூடவோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கூடுதல் பிளேட் எங்கே? பத்தில் ஒன்றுகூட ஒரு கிராம் கூடுதலாக இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் பாடத்திலேயே பிழைகளைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறோம். தற்செயலாக வரும் பிழை இரண்டு பக்கமும் விழும். எல்லாம் ஒரே பக்கமாக விழுந்தால் அது முறையான பிழை, அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடு என்போம். காரணத்தை நான் தேடிவிட்டேன்.

விளம்பரத்தில் 'ரப்பர் பூசிய வார்ப்பிரும்பு' என்று போட்டிருந்தீர்கள். பள்ளி ஆய்வகத்திலிருந்து காந்தம் ஒன்றைக் கொண்டுவந்து பிளேட்டில் வைத்தேன். ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. ஒரு பிளேட்டின் விளிம்பில் ஏற்கெனவே கீறல் இருந்தது. அதன் வழியாகச் சாம்பல் நிறப் பொடி உதிர்ந்தது. மேலே பிளாஸ்டிக் ஓடு, உள்ளே சிமென்ட் கலவை. இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான் சிமென்ட் கலவைக்கு. அதனால்தான் பிளேட் ஒவ்வொன்றும் தோசைக்கல்லாக இல்லாமல் அம்மிக்கல்லாகத் தடித்திருக்கிறது. ராடு முனையில் மூன்று பிளேட்டுக்கு மேல் இடமில்லை. இடத்தைச் சேமிக்கும் செட் என்று சொல்லி விற்றீர்கள்!

ராடின் கதையும் இதுதான். 28 மில்லிமீட்டர் கனம், 7 கிலோ என்றது விளம்பரம். பட்டறையில் கனம் அளக்கும் வெர்னியர் வைத்துப் பார்த்தோம், 25 மில்லிமீட்டர். தராசில் 5 கிலோ 850 கிராம். 5 அடி நீளத்துக்கு 28 மில்லிமீட்டர் உருக்குக் கம்பி 7 கிலோவுக்குச் சற்று மேலே இருக்கும், 25 மில்லிமீட்டர் கம்பி 6 கிலோவைத் தொடாது. நீளத்தையும் விட்டத்தையும் வைத்து யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ராடு மெலிந்ததால் பிளேட்டின் துளையில் தாராளமாக இடம் இருக்கிறது. தூக்கும்போது பிளேட் ஆடுகிறது, ஸ்பிரிங் கிளிப் நழுவுகிறது. ஒரு முறை 5 கிலோ பிளேட் என் காலுக்கு நான்கு விரல் தள்ளி விழுந்தது. 4 கிலோ 250 கிராம்தான் என்று அந்த நேரத்தில் ஆறுதல் பட்டுக்கொள்ள முடியவில்லை.

சில கிராம் குறைந்தால் என்ன ஆகிவிடும், பயிற்சிதானே என்று உங்கள் தொலைபேசிப் பெண் கேட்டார். (அவர் மேல் எனக்குக் கோபமில்லை, எழுதிக் கொடுத்ததைத்தான் படித்திருப்பார்.) வலுப் பயிற்சியில் எடைதான் மருந்தின் அளவு. இந்த வாரம் இத்தனை கிலோ, எட்டு முறை சிரமமில்லாமல் வந்தால் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டு. முழு முறையும் இவ்வளவுதான். மாத்திரை அட்டையில் 500 மில்லிகிராம் என்று போட்டு 440 வைத்தால் யாராவது 'மாத்திரைதானே' என்பார்களா? என் நோட்டில் 'டெட்லிஃப்ட் 37 கிலோ' என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். உண்மையில் அன்று நான் தூக்கியது 32 கிலோ 780 கிராம், அதிலும் ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட 950 கிராம் அதிகம். முப்பது வருடமாகப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் அளவைத் திருத்தி எழுதினால் மதிப்பெண் குறைத்தவள் நான். என் நோட்டிலேயே என்னைப் பொய் எழுத வைத்துவிட்டீர்கள்.

அடுத்து, துரு. பெட்டி வந்த ஒன்பதாம் நாள் ராடிலும் ஸ்டாண்டின் பற்றவைத்த இடங்களிலும் செம்பொடி பூத்துவிட்டது. அதற்கு உங்கள் பதில்: "வாடிக்கையாளர் கடலோரப் பகுதியில் வசிப்பதால் உப்புக்காற்றால் ஏற்பட்ட துருவுக்கு வாரண்டி பொருந்தாது." முகவரியில் 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று பார்த்ததும் திருவள்ளுவர் சிலையும் விவேகானந்தர் பாறையும் அலையடிக்கும் கரையும் உங்கள் கண்முன் வந்திருக்க வேண்டும். அந்த ஊர் எங்களுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். கிட்டத்தில் உள்ள கடற்கரைக்கே இருபது கிலோமீட்டர் போக வேண்டும். எங்களுக்கு அருகில் இருப்பவை திற்பரப்பு அருவியும் பேச்சிப்பாறை அணையும். சுற்றிலும் ரப்பர் தோட்டம், பின்னால் மலை. எங்கள் வீட்டுக் காற்றில் மணப்பது ரப்பர் பால், மீன் அல்ல.

ஈரம் உண்டு, மறைக்கவில்லை. ஆனியிலும் ஐப்பசியிலும் இரண்டு மழையும் எங்களுக்குப் பெய்யும், துவைத்த துணி மூன்று நாள் காயாது. ஆனால் என் மாமனார் காலத்து ஷீட் ரோலர் இன்னும் எங்கள் கொட்டகையில் நிற்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாகத் தண்ணீரும், பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டும் அதன் மேல் ஓடியிருக்கின்றன. அது இப்படிப் பொரிந்ததில்லை. உங்கள் ஸ்டாண்டில் பெயின்ட் அப்பளம் போல எழும்பியது. உரித்தால் கீழே பிரைமரும் இல்லை, ஒன்றும் இல்லை, துருப்பிடித்த இரும்பின் மேல் நேராகப் பூசியிருக்கிறார்கள். அந்தத் துரு குலசேகரத்தில் வந்ததல்ல, உங்கள் கிடங்கிலிருந்து பெட்டிக்குள் ஏறி வந்தது.

மேட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், மனம் கேட்கவில்லை. 'இயற்கை ரப்பர்' என்று எழுதி, ரப்பர் பால் வெட்டும் வீட்டுக்கே ஃபோம் அனுப்பியிருக்கிறீர்கள். பிளேட் வைத்த இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றுவிட்டது. ஓரத்தில் ஒரு துண்டை அறுத்து நெருப்பில் காட்டினேன். ரப்பர் எரியும் வாசம் எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். என் கணவர் பொதுவாக எதற்கும் சிரிக்காதவர், அன்று சிரித்தார்.

திருப்பி அனுப்பும் 7 நாள் கெடு முடிந்துவிட்டது என்றும் எழுதியிருந்தீர்கள். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-ஐ ஒரு தடவை படித்துப் பாருங்கள். பொருள் குறைபாடு உடையதாகவோ விளம்பரப்படுத்திய தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. புகார் வந்தால் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். என் முதல் மின்னஞ்சலுக்கு இன்றோடு 41 நாள். திரும்ப எடுப்பதற்கு உங்கள் கூரியர் எங்கள் ஊருக்கு வராதாம், நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்து தரச் சொன்னார்கள். எடை தூக்கிப் பழகத்தான் செட் வாங்கினேன். அதற்காகப் பெஞ்சையும் ஸ்டாண்டையும் சிமென்ட் பிளேட்டையும் தூக்கிக்கொண்டு வடசேரி பஸ்ஸில் ஏறும் அளவுக்கு இன்னும் தேறவில்லை.

நான் கேட்பது இதுதான். ரூ.21,500 முழுவதும் என் கணக்கில் வர வேண்டும். வேறு செட் வேண்டாம், கூப்பனும் வேண்டாம். பொருளை உங்கள் செலவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ வாடகை ரூ.300-ஐக் கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கிறேன். உங்கள் தளத்தில் அந்தச் செட்டுக்கு எழுதியிருக்கும் எடை, கனம், 'வார்ப்பிரும்பு', 'இயற்கை ரப்பர்' எல்லாவற்றையும் திருத்த வேண்டும். என்னைப் போல மருத்துவர் சொல்லி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் ரப்பர் கடைத் தராசு இருக்காது.

இக்கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். பிறகு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. எடைக் குறைவைப் பற்றித் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவுக்குத் தனியாக எழுதுவேன். கோடை விடுமுறை வருகிறது, எனக்கு நேரம் இருக்கிறது.

பயிற்சியை நான் நிறுத்தவில்லை என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். இரண்டு 20 லிட்டர் கேனில் தண்ணீரை அளந்து ஊற்றித் தூக்குகிறேன். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இந்த வாரம் பக்கத்துக்கு 14.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், தராசுச் சீட்டுகள், பிளேட்டையும் ராடையும் தராசில் வைத்து எடுத்த படங்கள், உங்கள் தளத்தின் விளம்பரப் பக்கம், உங்கள் மூன்று பதில்கள்.

பி.கு.: பொருளை எடுக்க வருபவர் ரப்பர் கடைத் தராசில் என் முன்னால் நிறுத்துப் பார்த்து, '44 கிலோ 760 கிராம் பிளேட் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். நாளைக்கு 50 கிலோவில் 5 கிலோ 240 கிராமை டீச்சர் எடுத்து வைத்துக்கொண்டார் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது.