இந்த முறை கேள்வித்தாள் கிடையாது

அன்புள்ள பெற்றோருக்கு,

வரும் வியாழக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பழைய கணித, அறிவியல் கருவிகள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறோம். போன முறை இருபது கேள்விகள் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து அனுப்பினேன், தப்பு என்னுடையதுதான். கண்ணாடிக்குள் இருந்த கருவியை யாருமே பார்க்கவில்லை, பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடினார்கள்.

இந்த முறை ஆளுக்கு ஒரே ஒரு கருவி. அரை மணி நேரம் அதன் முன் உட்கார்ந்து வரைய வேண்டும், அவ்வளவுதான். நட்சத்திரங்களின் உயரத்தை அளக்கும் அஸ்ட்ரோலேபோ, கடலில் கப்பல் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் செக்ஸ்டன்டோ, எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும். இருபது வயதுகூட ஆகாத பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல், வரிக்கணக்கோடு மல்லுக்கட்டிய அப்பாவுக்காக 1642-இல் செய்யத் தொடங்கிய கூட்டல் எந்திரத்தின் மாதிரியும் இருக்கிறது, பல்சக்கரம் பிடித்தவர்கள் அங்கே போய்விடுவார்கள்.

எனக்குப் பிடித்தது ஸ்லைடு ரூல், அதாவது சட்டத்தை நகர்த்திக் கணக்குப் போடும் அளவுகோல். ஸ்காட்லாந்துக் கணிதவியலாளர் நேப்பியர், பெருக்கலைக் கூட்டலாக மாற்றித் தரும் மடக்கையை (logarithm) 1614-இல் வெளியிட்டார், சில ஆண்டுகளிலேயே ஆட்ரெட் என்பவர் மடக்கை அளவில் கோடு போட்ட இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகர்த்தியே பெருக்கலாம் என்று காட்டினார். கீழ்ச்சட்டத்தின் 2-க்கு நேராக மேல்சட்டத்தின் 1-ஐ வைத்தால், மேலே 3 இருக்கும் இடத்துக்குக் கீழே 6 இருக்கும். நீளங்களைத்தான் கூட்டுகிறோம், விடை பெருக்கலாக வருகிறது. ஆனால் 20-ஐ 300-ஆல் பெருக்கினாலும் விடை நிற்பது அதே 6-இல்தான். அது 6-ஆ, 600-ஆ, 6000-ஆ என்று சட்டம் சொல்லாது, கணக்குப் போடுகிறவர்தான் மனத்தில் தோராயமாகப் போட்டு வைத்திருக்க வேண்டும். 1972-இல் ஹெச்பி-35 கைக்கணிப்பான் வந்தது, கொஞ்ச வருடத்தில் ஸ்லைடு ரூல் இழுப்பறைக்குள் போய்விட்டது, அந்தத் தோராயமும் கூடவே போய்விட்டது. 47-ஐ 21-ஆல் பெருக்கி 9870 என்று எழுதிவிட்டு, கணிப்பானில் அப்படித்தான் சார் வந்தது என்று என்னிடமே வாதாடியவர்கள் இந்த வகுப்பில் இருக்கிறார்கள்.

அப்புறம், கைப்பேசி வேண்டாம். படம் எடுத்தால் வரைய மாட்டார்கள். பேனாவும் வேண்டாம், பென்சில் போதும்.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஸ்லைடு ரூலோ மடக்கை அட்டவணையோ கிடந்தால் புதன்கிழமைக்குள் பெயர் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். சட்டம் இறுகிப்போய் நகராவிட்டாலும் பரவாயில்லை, கோடுகள் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்