தார் பாலைக்குக் கடல்நீரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்நீரைக் குழாயில் கொண்டுபோய் உப்பெடுத்து, தார் பாலைவனத்தைப் பச்சையாக்கிவிடலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்ததைப் படித்தேன். தில்லி வெயிலில் வாடுகிறவருக்கு அப்படித் தோன்றுவது நியாயம்தான். தொலைபேசித் துறையில் இருந்தபோது சில காலம் ராஜஸ்தானின் ஜைசல்மேர், பார்மேர் பக்கம் கேபிள் வேலையாக அலைந்தவன் நான். அதனால் இதை எழுதுகிறேன்.

அந்த வெயில் நம் கணக்கில் அடங்காது. அங்கே பலோடி என்ற ஊரில் 2016 மே 19 அன்று 51 டிகிரி. ஜைசல்மேர் பக்கம் திறந்து கிடக்கும் தண்ணீர் ஓராண்டில் ஓர் ஆள் உயரத்துக்கு ஆவியாகிவிடும். பெய்கிற மழையோ ஒரு சாண். எங்கிருந்து கொண்டுவந்தாலும் முதல் பங்கு சூரியனுக்குத்தான்.

கால்வாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. சத்லஜும் பியாஸும் கூடுகிற ஹரிகேயிலிருந்து வரும் இந்திரா காந்தி கால்வாய் வேலை 1958-ல் தொடங்கியது. 600 கி.மீ.க்கு மேல் நீளம். பிகானேரும் ஜோத்பூரும் குடிப்பது அந்தத் தண்ணீரை. ஆனால் அனுமான்கட் பக்கம் மணலுக்கு அடியில் ஜிப்சம் அடுக்கு இருக்கிறது. பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறி, பரோபால் போன்ற ஊர்களில் வயல்கள் சதுப்பாகிவிட்டன. பாலைவனத்தில் தண்ணீர் தேங்கி விவசாயம் கெட்டது என்றால் நம் ஊரில் யார் நம்புவார்கள்? ஆற்றுத் தண்ணீருக்கே இந்தப் பாடு. கடல்நீரில் பிரித்த உப்பை எங்கே கொட்டுவது என்பதையும் அந்த வாசகர் சொல்லியிருக்கலாம்.

அங்கே வீடுகளை ஒட்டி டாங்கா என்று ஒன்று இருக்கும். தரைக்கடியில் வட்டமான தொட்டி. சுற்றிலும் மண்ணைத் தட்டிக் கெட்டித்து, தொட்டியை நோக்கிச் சரிவாக்கிய களம். அதை ஆகோர் என்பார்கள். மழைக்கு முன்னால் அதைப் பெருக்கி வைப்பார்கள். செருப்புக் காலோடு மிதித்துவிட்டு ஒரு அம்மாளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தண்ணீர் நுழையும் துளையில் எலி, பாம்பு போகாமல் கம்பி வலை. மேலே மூடி, அதில் சின்ன இரும்புக் கதவு, கதவுக்குப் பூட்டு. வீட்டுக் கதவைச் சும்மா சாத்திவிட்டுத்தான் போவார்கள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 சதுர மீட்டர் களத்தில் 100 மி.மீ. மழை பெய்தால் 20,000 லிட்டர். மண் குடித்தது போகப் பாதி வந்தாலும், ஒரு குடும்பம் பல மாதம் குடிக்கலாம். மூடியிருப்பதால் வெயிலுக்கும் பங்கு கிடையாது. கோடிக்கணக்கில் குழாய் போடுகிற பணத்தில் இவற்றைப் பெருக்கலாம், பழுதானவற்றைச் சரிசெய்யலாம் என்பதுதான் என் கட்சி.

சரி, நம் கதை என்ன? 2024 ஜூனில் தில்லியில் பலரும் குடத்தோடு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். அதே ஜூன் 28 அன்று சப்தர்ஜங்கில் ஒரே நாளில் 228 மி.மீ. மழை. அந்தச் சாண் மழையை ஜைசல்மேர்க்காரர்கள் ஓராண்டு முழுக்க எதிர்பார்ப்பார்கள். நாம் சாக்கடையில் விட்டோம். எங்கள் சொசைட்டியிலும் மழைநீர்க் குழி இருக்கிறது, மறுக்கவில்லை. அதன் மூடிமேல் யாரோ காரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

தில்லியில் தமிழர்கள் அதிகம் வசிக்கும் குடியிருப்புகளில் இந்தக் குழிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று, மழைக்காலம் வருமுன் உங்கள் நிருபர் ஒருவர் நேரில் பார்த்து எழுதினால் நல்லது. எங்கள் சொசைட்டியிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர்,
மயூர் விகார், தில்லி