செல்லப்பாவை எப்படி விட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சினிமாவைக் கிண்டலடிக்கும் சினிமாக்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைச் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். சி.எஸ்.அமுதனின் 'தமிழ்ப்படம்' (2010) பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. பழைய பாட்டுகளில் வந்த அர்த்தமில்லாத சொற்களாகவே பொறுக்கிக் கோத்த 'ஓ மஹசீயா' பாட்டு ஒன்றே போதும். ஆனால் கட்டுரையில் இருப்பதெல்லாம் திரையில் தெரிகிற சங்கதிகளைக் கேலி செய்த படங்கள்: நாயகன் அறிமுகம், பஞ்ச் வசனம், பறந்து பறந்து அடிக்கும் சண்டை. அந்தக் காட்சிகளை உண்டாக்கும் தொழிலையும் கதை கேட்பவர், பணம் போடுபவர், கால்ஷீட் கொடுப்பவர் ஆகியோரையும் வம்புக்கு இழுத்த படங்களைக் கட்டுரையாளர் கண்டுகொள்ளவே இல்லை. அதுதான் என் மனக்குறை.

முதலில், செல்லப்பாவை எப்படி விட்டீர்கள்? ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' முதலாளி செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பா பாலையாவுக்குக் கதை சொல்வாரே! எல்லோரும் அதைப் பேய்க்கதைக் காமெடியாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். செல்லப்பாவிடம் கதை என்று ஒன்றுமே கிடையாது. இருட்டு, சத்தம், அப்புறம் இன்னொரு சத்தம். பின்னணி இசையும் அவர்தான், கேமராவும் அவர்தான். பாலையாவோ முகம் வெளிறி, துண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளாத குறை. நம் சினிமாவில் பல படங்கள் முடிவாவது இன்றைக்கும் இப்படித்தானே? எழுதிய திரைக்கதையை உட்கார்ந்து படித்துப் பார்த்துப் பணம் போடுகிறவர்கள் குறைவு. இயக்குநர் எதிரே உட்கார்ந்து ஷாட், ரீ-ரெக்கார்டிங், இடைவேளைத் திருப்பம் எல்லாவற்றையும் வாயாலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். சொல்லத் தெரிந்தவர் பிழைத்தார். எழுத மட்டுமே தெரிந்தவர் காத்திருக்க வேண்டியதுதான். அந்தச் சில நிமிடங்களில் ஒரு தொழில்முறையையே தோலுரித்திருக்கிறார்கள்.

அதே ஆண்டில் வந்த 'சர்வர் சுந்தர'த்தையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பார்கள். எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.சௌந்தரராஜனும் திரையிலேயே தோன்ற, பாட்டு எப்படிப் பதிவாகிறது என்று காட்டுகிற அழகான படம். ஆனால் அது சினிமாவை அண்ணாந்து பார்க்கிறது. எனக்கு வேண்டியது குத்தல்.

அந்தக் குத்தலில் மலையாளிகள் கெட்டிக்காரர்கள். 'உதயனாணு தாரம்' (2005) படத்தில் நண்பனின் திரைக்கதையைத் திருடி சூப்பர் ஸ்டார் ஆகிறார் ராஜப்பன். பெயரைக்கூட சரோஜ்குமார் என்று மாற்றிக்கொள்கிறார். அந்த வேடத்தில் நடித்தது, கதை வசனமும் எழுதிய ஸ்ரீனிவாசன். தமிழில் 2008இல் 'வெள்ளித்திரை'யாக வந்தது. நட்சத்திரத்துக்கே தெரியாமல் அவரை வைத்து மீதிப் படத்தை எடுக்கும் கடைசிக் கட்டம் பிரமாதம். 1999இல் வந்த ஹாலிவுட் படமான 'போஃபிங்கர்' முழுக்க முழுக்க இதே யோசனையில் ஓடியது என்பது வேறு விஷயம். கதைத் திருட்டைப் பற்றிய படமாயிற்றே, இதற்கு மேல் நான் நோண்டவில்லை.

ராபர்ட் ஆல்ட்மனின் ஹாலிவுட் படம் 'தி பிளேயர்' (1992) பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். அங்கேயும் கதை சொல்லல்தான்; ஆனால் இருபத்தைந்து வார்த்தைக்குள் முடிக்க வேண்டும்! 'தி கிராஜுவேட்' படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான பக் ஹென்றியே நேரில் வந்து அதற்கு இரண்டாம் பாகம் எடுக்கலாம் என்று விற்கப் பார்க்கிறார். "பெரிய நடிகர்கள் கூடாது, சுப முடிவு கூடவே கூடாது" என்று வீரவசனம் பேசி ஒருவர் கதை கொடுக்கிறார். கடைசியில் பார்த்தால், அதில் ஜூலியா ராபர்ட்ஸைச் சாவின் வாயிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே வருகிறார் புரூஸ் வில்லிஸ். இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட பிரபலங்கள் தாங்களாகவே வந்து தலைகாட்டினார்கள். தமிழ் சினிமாவிலோ சிக்கலே இதுதான். யாரைக் கேலி செய்ய வேண்டுமோ அவரிடமே கால்ஷீட் வாங்க வேண்டும், அவருக்கு வேண்டியவரிடமே ஃபைனான்ஸ் வாங்க வேண்டும். அதனால் நம்மவர்கள் பாதுகாப்பாகப் பழைய படக் காட்சிகளை மட்டும் ஓட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 'ஜிகர்தண்டா' (2014) நல்ல விதிவிலக்கு. சீரியஸாக நடிப்பதாக ரவுடி நினைத்துக்கொண்டிருக்க, படம் காமெடியாக வெளியாகித் தியேட்டரே சிரிக்கிறது. ஆனால் அங்கேயும் அடி விழுவது ரவுடிக்குத்தான்.

கடைசியாக டப்பிங். 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952) படத்தில் பேசும் படம் வந்த புதிதில் படும் பாட்டைப் பாருங்கள். மைக்கைச் செடிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். நாயகி தலையைத் திருப்பினால் குரல் போய்விடுகிறது. மைக்கை உடைக்குள் வைத்தால் இதயத் துடிப்பு கேட்கிறது. முன்னோட்டக் காட்சியில் ஒலியும் ஒளியும் தவறிப்போய், நாயகி 'மாட்டேன்' என்று தலையாட்டினால் வில்லனின் கட்டைக் குரல் வருகிறது. கதைப்படி லினா என்ற அந்த நாயகிக்கு டெபி ரேனால்ட்ஸ் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த டப்பிங் காட்சியில் நாம் கேட்பது லினாவாக நடித்த ஜீன் ஹேகனின் சொந்தக் குரல்தான். ரேனால்ட்ஸ் பாடுவதாக வரும் ஒரு பாட்டைப் பாடியதோ பெட்டி நோய்ஸ் என்ற பாடகி! குரல் திருட்டைக் கேலி செய்த படத்துக்குள்ளேயே இத்தனை குரல் மாற்றம்.

நாயகிகளுக்கு வேறொருவர் பேசுவதையே வழக்கமாக வைத்திருக்கும் நாம் இதிலிருந்து எத்தனை காமெடி எடுத்திருக்க வேண்டும்? நினைவுக்கு வரும்படி ஒன்றுகூட இல்லை. கட்டுரையாளருக்குத் தெரிந்த படம் ஏதேனும் இருந்தால் அடுத்த இதழில் எழுதச் சொல்லுங்கள், தேடிப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்