மேடையில் முதல் கேள்வி திரித்துவமாக இருக்க வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு கிறிஸ்தவப் போதகரையும் ஓர் ஆலிமையும் (இஸ்லாமிய மார்க்க அறிஞரையும்) ஒரே மேடையில் உட்காரவைத்து நெறியாள்கை செய்யப் போவதாகவும், "கடவுள் ஒருவரா, மூவரா?" என்ற கேள்வியில் தொடங்க நினைப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அங்கே தொடங்காதீர்கள். ஒன்றும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் மூன்றுதானே என்பார் ஒருவர். ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதானே என்பார் மற்றவர். கைதட்டல் கிடைக்கும், அரைமணி நேரம் போயிருக்கும், விஷயம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

முதல் கேள்வி மன்னிப்பைப் பற்றியதாக இருக்கட்டும். மனிதனின் பாவத்தை மன்னிக்க இறைவனுக்கு என்ன தேவை? எதுவும் தேவையில்லை, அடியான் திரும்பி வந்தால் அவன் மன்னிப்பான் என்பது இஸ்லாம். மன்னிப்பின் விலையைக் கடவுளே தம்மேல் ஏற்றுக்கொண்டார் என்பது கிறிஸ்தவம். கடவுளின் இயல்பைப் பற்றி இருவரும் பேசுவதெல்லாம் இந்தப் பதில்களோடு பின்னிக் கிடக்கிறது. நான்காம் நூற்றாண்டில், இயேசு படைக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியுஸை எதிர்த்து ஆயர் அத்தனாசியுஸ் வைத்த வாதத்தின் மையமே இதுதான்: இயேசு படைக்கப்பட்டவர் என்றால் படைப்பை அவரால் மீட்க முடியாது. 325இல் நிசேயாவில் கூடிய திருச்சபைச் சங்கம், குமாரன் (இயேசு) "உண்டாக்கப்பட்டவரல்ல" என்று அறிக்கையிட்டதன் பின்னால் இந்தக் கவலை இருந்தது. மீட்பை விட்டுவிட்டுத் திரித்துவத்தை, அதாவது தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதை மட்டும் கேட்டால் அது விடுகதையாகத்தான் தோன்றும்.

அடுத்து ஆதாமுக்குப் போங்கள். குர்ஆன் 7:23இல் ஆதமும் அவர் துணைவியும் "எங்கள் இறைவா, எங்களுக்கு நாங்களே தீங்கிழைத்துக்கொண்டோம்" என்று மன்றாடுகிறார்கள்; 2:37இல் அல்லாஹ் அவரை மன்னித்துவிடுகிறான். கணக்கு அங்கேயே முடிந்தது. "ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார்" என்பது 6:164. இயேசுவின் அப்போஸ்தலர் பவுலோ, ஒரே மனிதனால் பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் பிரவேசித்தது என்கிறார், ரோமர் 5:12இல். இதை வைத்து எல்லாக் கிறிஸ்தவர்களும் ஆதாமின் குற்றத்தையே பிறவியில் சுமப்பதாக நம்புகிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். அகஸ்டின் வழிவந்த மேற்கத்தியத் திருச்சபைகள் ஒரு மாதிரி சொல்லும். நாம் சுமப்பது ஆதாமின் குற்றத்தை அல்ல, அதன் விளைவான மரணத்தையும் சீர்கேட்டையும்தான் என்று கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் மரபு சொல்லும். போதகர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஆலிம் பெரும்பாலும் எசேக்கியேல் 18:20ஐ எடுப்பார்: குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று உங்கள் வேதமே சொல்கிறதே, குற்றமற்ற ஒருவரை மற்றவர்களுக்காகத் தண்டிப்பது எப்படி நீதி? நல்ல கேள்வி. அவர் தாமாகவே உயிரைக் கொடுத்தார் என்று யோவான் 10:18ஐக் காட்டி போதகர் நிறுத்திக்கொண்டால் பதில் பாதிதான். குற்றமற்றவர் தாமாக முன்வந்தாலும் அவரைத் தண்டிக்கும் நீதிபதி நீதிபதியா என்று ஆலிம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். மீதிப் பாதி இதுதான்: சிலுவையில் தொங்கியவர் சம்பந்தமில்லாத வெளியாளாக இருந்தால் அது அநீதியே, தீர்ப்புச் சொல்கிறவரே வந்து ஏற்றார் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை. பாருங்கள், திரித்துவம் இப்போது தானாகவே மேடைக்கு வந்துவிட்டது, கூட்டல் கணக்கு இல்லாமல்.

இதே இடத்தில் இரண்டு வசனங்களை அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். "இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது" என்பது எபிரெயர் 9:22. பலிப்பிராணிகளின் மாமிசமும் இரத்தமும் அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது என்பது குர்ஆன் 22:37. என் கணக்கில் இரண்டு மார்க்கங்களுக்கும் இடையிலான தூரம் இவ்வளவு துல்லியமாகத் தெரியும் இடங்கள் குறைவு. இப்ராஹீமின் (ஆபிரகாமின்) மகனுக்குப் பகரமாக மகத்தான பலி கொடுக்கப்பட்டதாக 37:107 சொல்வதைப் போதகர் துணைக்கு இழுக்கலாம். அங்கே நடந்தது சோதனை, பாவப்பரிகாரம் அல்ல என்று முஸ்லிம் தரப்பு மறுக்கும். பதிலுக்கு ஆலிம் லூக்கா 15இன் கெட்ட குமாரன் உவமையைக் கொண்டுவருவார்: அந்தத் தகப்பன் எந்தப் பலியும் கேட்காமல்தானே கட்டியணைத்தான்?

"இஸ்லாத்தில் கிரியை, கிறிஸ்தவத்தில் கிருபை", அதாவது அங்கே செயலால் மீட்பு, இங்கே அருளால் மீட்பு என்ற வாய்ப்பாட்டை மட்டும் யாரையும் சொல்லவிடாதீர்கள். எவரையும் அவரது செயல் மட்டும் சுவர்க்கத்தில் சேர்த்துவிடாது, அல்லாஹ்வின் அருள் சூழாவிட்டால் என்னையும்தான் என்று நபிகள் சொன்ன ஹதீஸ் (நபிமொழி) புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் உண்டு. செயல்களை நிறுக்கும் 21:47இன் தராசு உண்மை. 39:53இன் "அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள்" என்பதும் உண்மை. எல்லாப் பாவங்களையும் மன்னிப்பதாக 39:53 சொல்ல, இணைவைப்பை (அல்லாஹ்வுக்கு இணையாக இன்னொன்றை வைப்பதை) மன்னிப்பதில்லை என்று 4:48 சொல்வது முரண் அல்லவா என்று யாராவது கேட்பார்கள். தவ்பா (மனந்திரும்பிப் பாவமன்னிப்புக் கேட்பது) செய்யாமல் இறந்துபோனவரைப் பற்றியது 4:48 என்பதே விரிவுரையாளர்கள் தரும் விளக்கம்.

தவ்பாவுக்கும் நிபந்தனைகள் உண்டு. பாவத்தை விட்டு விலகுவது, மனம் வருந்துவது, இனி செய்யமாட்டேன் என்று உறுதிகொள்வது. பிற மனிதரின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக, அதைத் திருப்பிக் கொடுப்பது. இந்த நான்காவதில்தான் பலர் மாட்டிக்கொள்வார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் திவாலானவர் பற்றிய ஹதீஸைக் கேளுங்கள்: தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் ஒருவர் மறுமைக்கு வருவார், ஆனால் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர்மீது அவதூறு சொல்லியிருப்பார், இன்னொருவரின் பொருளைத் தின்றிருப்பார். அவருடைய நன்மைகள் எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும். அவை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவர்மேல் போடப்படும். ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்ற வசனத்தோடு இது எப்படிப் பொருந்துகிறது என்று ஆலிமிடம் கேட்டால், அது அவர் தாமே தேடிக்கொண்ட கடன் என்று விளக்குவார். கேட்க வேண்டிய விளக்கம்.

கிறிஸ்தவப் பக்கமும் அப்படித்தான். "கிரியைகளினால் உண்டானதல்ல" என்ற எபேசியர் 2:9க்கு அடுத்த வசனமே நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலும் என்னும் யாக்கோபு 2:24 இன்னும் வெளிப்படை. இந்த விஷயத்தில் 16ஆம் நூற்றாண்டில் பிளந்த கத்தோலிக்கரும் லூத்தரன்களும் 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட வேண்டிவந்தது. "நான் இரட்சிக்கப்பட்டேன்" என்று அடித்துச் சொல்லும் சுவிசேஷ சபையாரைவிட, அந்த முழு நிச்சயத்தை ஏற்காத கத்தோலிக்கர், அச்சத்துக்கும் அருள் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புக்கும் நடுவில் நிற்கும் முஸ்லிமுக்கு இந்த ஒரு விஷயத்தில் நெருக்கம்.

இனி கடவுளின் இயல்பு. குர்ஆன் 5:116 ஈசாவையும் (இயேசுவையும்) அவர் தாயார் மரியாளையும் இரு கடவுளராக ஆக்குவதைக் கண்டிக்கிறது. எந்தத் திருச்சபையின் விசுவாச அறிக்கையிலும் மரியாள் திரித்துவத்தில் இல்லை. போதகர் இதைச் சொன்னதும் விவாதம் முடிந்துவிட்டதாக நினைத்தால் தவறு. 4:171 மகன் என்ற கருத்தையே நேரடியாக மறுக்கிறது. "அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை" என்ற 112:3ஐ ஆலிம் ஓதும்போது ஒரு செய்தியைக் கையில் வைத்திருங்கள்: 1215இல் நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கம், இறைச்சாரம் (மூவருக்கும் பொதுவான கடவுள்தன்மை) பெறுவதுமில்லை, பெறப்படுவதுமில்லை என்றே அறிவித்தது. பெறுவதும் பெறப்படுவதும் தந்தை, மகன் என்ற ஆள்களுக்கு இடையில், சாரத்தில் அல்ல என்பது அதன் கருத்து. ஆலிம் இதனால் சமாதானமாகமாட்டார். ஆனால் உடல்ரீதியான பிறப்பு என்ற பேச்சு நின்றுபோகும்.

ஈசாவை அல்லாஹ்வின் வார்த்தை என்று 4:171 அழைப்பதை வைத்து எட்டாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் தமஸ்கு யோவான் மடக்கினார்: வார்த்தையைக் கடவுளிடமிருந்து பிரித்தால் கடவுளைக் குறைபட்டவராக்குகிறீர்கள் என்று. "ஆகுக" என்ற கட்டளையால் படைக்கப்பட்டவர் என்பதால்தான் அந்தப் பெயர், 3:59இல் ஆதமைப் போல, என்பது முஸ்லிம்களின் பதில். ஆனால் கேள்வி இஸ்லாத்துக்கு உள்ளேயும் வேறு வடிவில் எரிந்தது. அல்லாஹ்வின் பேச்சான குர்ஆன் படைக்கப்பட்டதா? ஆம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி 833இல் கலீஃபா மஃமூன் அறிஞர்களை விசாரித்தார். மார்க்க அறிஞர் அஹ்மத் இப்னு ஹன்பல் மறுத்துச் சிறை சென்றார். பேச்சு போன்ற இறைப்பண்புகள் அவனே என்றும் அல்ல, அவனுக்கு வேறானவை என்றும் அல்ல என்று பின்னர் அஷ்அரி என்ற இஸ்லாமிய இறையியல் மரபு சொன்னது. பண்புகள் ஆள்கள் அல்ல என்பதை ஆலிம் வலியுறுத்துவார், அது சரியும்கூட.

சிலுவைக்குக் கொஞ்ச நேரம் போதும். இயேசு சிலுவையில் கொல்லப்பட்டதைக் குர்ஆன் 4:157 மறுக்கிறது, 1 கொரிந்தியர் 15 அதன்மேல்தான் நிற்கிறது. நடுவில் இடமில்லை, தேடவும் வேண்டாம்.

கடைசியில் கூட்டத்திலிருந்து "அப்போ என் நண்பன் நரகத்துக்கா?" என்று ஒருவர் நிச்சயம் எழுந்து கேட்பார். இரு பேச்சாளர்களிடமும் முந்தின நாளே இதைச் சொல்லிவிடுங்கள். 1964இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'லூமென் ஜென்சியும்' என்ற ஏட்டில் பிற மதத்தவரின் மீட்பைப் பேசும் 16ஆம் பிரிவையும், செய்தியே எட்டாதவர், திரிந்த வடிவில் எட்டியவர், தெளிவாக அறிந்தும் மறுத்தவர் என்று முஸ்லிமல்லாதவர்களை இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி பிரித்ததையும் அவர்கள் படித்துவிட்டு வரட்டும். தயாரிப்பில்லாமல் பதில் சொன்னால் ஒருவர் மழுப்புவார், மற்றவர் மிரட்டுவார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்