6.40 என்று எழுதிக் கொடுத்த தம்பிக்கு

ஆத்தா வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், போனில் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. ஆத்தாவுக்கு மூளை ரத்தக்குழாயில் குமிழ் ஒன்று கசிந்து, மதுரை ஆஸ்பத்திரியில் அதை அடைத்துக் கூட்டி வந்திருக்கிறோம், அவ்வளவு போதும். முழுக் கதையை இங்கே மறுபடி எழுதவில்லை. அந்தக் கசிவுக்குப் பிறகு கொடுக்கிற நிமோடிபின் மாத்திரை 21 நாளைக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுராத்திரி 2 மணிக்கும் எழுப்பிக் கொடுத்தாக வேண்டும். அதுவரை முகப்பில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, பட்ட கடனையாவது எழுதி வைப்போமே என்று தோன்றியது.

குன்றக்குடி, திருப்பத்தூர், மேலூர் என்று 80 கிலோமீட்டருக்கு மேல் ஆத்தா தலை அதிராமல் வண்டி ஓட்டிய 108 தம்பிக்கும், கூடவே வந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்த்த தங்கச்சிக்கும், மதுரையில் தொடை வழியாகக் கம்பி விட்டு மூளைக் குமிழைப் பிளாட்டினச் சுருளால் அடைத்த டாக்டர்களுக்கும், ஐ.சி.யூ. வாசலில் எங்களை விரட்டாத நர்சம்மாக்களுக்கும், பணியாரமும் இட்லியுமாகத் தூக்குவாளி சுமந்த பங்காளி வீட்டு ஆச்சிகளுக்கும், பத்து நாள் எங்கள் மாட்டைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டு அண்ணனுக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், தூக்கமில்லை.

ஆனால் இந்த மடல் எங்கள் தெருமுனை மெடிக்கலில் நிற்கிற தம்பிக்காகத்தான்.

அன்றைக்கு நான் அங்கே போனது ஒரு தலைவலி மாத்திரைக்கு. ஆத்தாவுக்கு ஒற்றைத் தலைவலி இருபது வருஷப் பழக்கம். பக்கத்து வீட்டில் சுக்குப் பற்றுப் போடச் சொன்னார்கள். நானும் சரி, வழக்கமானதுதான் என்று நினைத்தேன். பத்து ரூபாயை நீட்டினேன். தம்பி மாத்திரையை எடுக்கவில்லை.

"ஆச்சிக்கு வலி மெல்ல மெல்ல ஏறுச்சாண்ணே, பொட்டுனு வந்துச்சா?"

எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தவர் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு, "யாரோ உலக்கையால போட்டுட்டாக" என்று உட்கார்ந்துவிட்டார் என்றேன். வாந்தி? இரண்டு தடவை. விளக்கு வெளிச்சம் கூசுதா? முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். குனிஞ்சு தாடையை நெஞ்சுல வைக்க முடியுதா? அதை நான் பார்க்கவில்லை.

"பழைய தலைவலி இப்படி வராதுண்ணே. ஒரு நிமிஷத்துக்குள்ள உச்சத்துக்குப் போற வலின்னா தலைக்குள்ள ரத்தக் கசிவா இருக்கலாம். ஆஸ்பிரின் கீஸ்பிரின் போட்டுடாதீங்க, கசிஞ்சா கூடிரும். 108க்குப் போடுங்க" என்றான். கடையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். ஒருவர் எரிச்சலாகச் சத்தம்கூடப் போட்டார். அவன் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

அப்புறம்தான் அந்தச் சின்னக் காரியம். "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுச்சு?" என்று கேட்டான். யார் கவனித்தார்கள்? போனை எடுத்துப் பார்த்தேன். என் கூடப்பிறந்த தங்கச்சி 6.38க்குக் கூப்பிட்டிருந்தாள், பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில்தான் ஆத்தா சத்தம் கேட்டது. 1-0-1 என்று எழுதித் தருவார்களே, அந்த வெள்ளைக் கவரில் எழுதினான்: "6.40 மாலை. திடீர். வாந்தி 2. மாத்திரை எதுவும் தரவில்லை." என் சட்டைப் பையில் அவனே திணித்து, "முதல்ல பாக்குற டாக்டர்கிட்ட இதக் குடுங்க" என்றான்.

மதுரையில் எனக்கு வாயே வரவில்லை. கவரை நீட்டினேன். டியூட்டி டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார், ஆத்தாவை நேராக ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். காரணத்தை மறுநாள் சொன்னார். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் சி.டி. எடுத்தால் கசிவு அநேகமாகத் தப்பாதாம். நேரம் ஆக ஆக ரத்தம் நீர்த்துப்போய்ப் படத்தில் மங்கும், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டி வரும். ஒருமுறை கசிந்த குமிழ் மறுபடி உடைகிற ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். "காலையில பாத்துக்கலாம்னு படுக்க வைக்காம வந்தீங்களே" என்றார். நான் படுக்க வைக்கத்தான் இருந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று தம்பியிடம் கேட்டேன். டி.ஃபார்ம் படிக்கும்போது ஒரு சார் சொன்னாராம், அவ்வளவுதான். எல்லாத் தலைவலிக்கும் இப்படி விரட்ட மாட்டேன் என்று சிரித்தான். பொட்டென்று வந்தால், மயக்கம் போட்டால், வாய் குழறினால், கைகால் ஒரு பக்கம் இழுத்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், அப்போது மட்டும் விரட்டுவானாம். எனக்கும் ஊரைப் பயமுறுத்துகிற உத்தேசம் இல்லை. ஆனால் இனிமேல் யார் தலைவலி என்றாலும் மேசை டிராயரைத் திறக்குமுன் அவன் கேட்ட கேள்வியை நான் கேட்பேன்.

வாங்காத மாத்திரைக்கு என்ன கொடுப்பது? நேற்று ஒரு டப்பா தேன்குழலோடு போனேன். "ஆச்சி பிழிஞ்சதா?" என்றான். இல்லை, கடையில் வாங்கியது. "அப்ப வேணாம், அவுகளே பிழிஞ்சு கொண்டு வரட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆத்தாவிடம் சொன்னேன். மாவு அரைக்க எப்போது விடுவாய் என்று அப்போதிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மணி 1.55. அடுப்பில் வெந்நீர் வைக்கப் போகிறேன்.