ஏ சைடு ஆறு, பி சைடு அஞ்சு

பாளையங்கோட்டை,
5.12.2021

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அம்மாவும் நலம். ஆச்சிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் பெயரைச் சொன்னால் மட்டும் நிமிர்ந்து உட்காருகிறாள். கார்த்திகை பாதிக்கு மேல் போயும் மழை விட்டபாடில்லை. ஆறு செம்மண் கலரில் போகிறது.

இங்கிலீஷ் பாடகி அடேலின் புது ஆல்பம் '30'-ஐக் கேட்டுவிட்டு எப்படி இருக்கிறதென்று வாய்ஸ் நோட்டில் சொல்லுங்கப்பா என்றாய். மூன்று தடவை பேசினேன், மூன்று தடவையும் அழித்துவிட்டேன். எழுதினால்தான் எனக்கு வரிசையாக வரும். எதிர்வீட்டுத் தம்பி இதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். என் கையெழுத்து புரியாவிட்டால் அம்மாவுக்குப் போன் போடு.

முதல் நாள் போனிலேயே வைத்துக் கேட்டேன். அம்மா அடுக்களையிலிருந்து, "யாரு இப்படி அழுதுக்கிட்டுக் கெடக்கா?" என்றாள். சரி, இது போனில் கேட்கிற சரக்கு இல்லை என்று மறுநாள் மாமாவிடம் ஸ்பீக்கரை வாங்கி வந்தேன். மழைக்கு வெளியே போக வழியில்லை. நான்கு நாளில் ஆறு தடவை முழுசாக ஓடியிருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் அர்த்தம் எழுதி அனுப்பியிருந்தாயே, அதை மூன்றாவது தடவை வரைக்கும் பிரிக்கவே இல்லை. மெட்டும் குரலும் தானாக என்ன சொல்கிறதென்று முதலில் பார்க்க வேண்டும். கடைக்காரன் புத்தி அது.

இந்தப் பெண் எனக்குப் புதிசில்லை. 2011-ல் அவளுடைய '21' ஆல்பம் வந்தபோது நீ பிளஸ் டூ. கணக்குப் புஸ்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காதில் அவளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். நான் சத்தம் போட்டிருக்கிறேன். அந்த வருஷக் கடைசியில் அவள் தொண்டையில் ஆபரேஷன் செய்துகொண்டாள் என்று நீ சோறு சாப்பிடாமல் கிடந்ததும் ஞாபகம் இருக்கிறது. இப்போது 33 வயசில் '30' என்று பேர் வைத்து ஒன்று போட்டிருக்கிறாள். கல்யாணம் முறிந்த வயசோ அதை ஒட்டியோ என்று நீ எழுதியிருந்தாய். சரி.

முதலில் எனக்குப் பிடித்தது பாட்டுகூட இல்லை, அந்த ஷஃபில் விவகாரம். ஆல்பத்தைத் திறந்தால் பாட்டுகள் கலைந்து ஓடக்கூடாது, வைத்த வரிசையில்தான் ஓட வேண்டும் என்று ஸ்பாட்டிஃபைக்காரர்களிடம் கேட்டு, அவர்களும் அந்தப் பட்டனை மாற்றிவிட்டார்களாமே. இதைப் படித்ததும் எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டேன். கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கிற ரெக்கார்டிங் கடையை இருபது வருஷம் வைத்திருந்தவன் நான். வரிசைதான் என் தொழில். பாட்டு எவனிடமும் கிடைக்கும்.

நீ கடையைப் பார்த்தது அதன் கடைசிக் காலத்தில். நல்ல காலத்தில் மேலப்பாளையம் பஜாரில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் நிற்க இடம் இருக்காது. ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் பாட்டு லிஸ்ட். லிஸ்டைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். கல்யாண வீடா, பீடி சுற்றுகிற வீட்டில் நாள் முழுக்க ஓடவா, பையன் எவளுக்காவது கொடுக்கப் போகிறானா என்று. கடைசி ரகத்துக்காரன் வரிசையை மாற்ற விடவே மாட்டான். மற்றவர்களுக்கு நான்தான் அடுக்குவேன். அடுத்தடுத்து இரண்டு சோகம் கூடாது. ஏ சைடு முடிகிற பாட்டு, எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பிப் போட வைக்கிற பாட்டாக இருக்க வேண்டும். முக்கியமாக, எந்தப் பாட்டும் நடுவில் அறுபடக் கூடாது. (இதெல்லாம் சட்டப்படி திருட்டு என்பது பிற்பாடுதான் மண்டையில் ஏறியது. அதை விடு.)

அந்தப் பழக்கத்தில் இந்த ஆல்பத்தையும் கேசட்டில் ஏற்றிப் பார்த்தேன், பேப்பரில்தான். 12 பாட்டு, மொத்தம் 58 நிமிஷம் 14 வினாடி. அடடா, 60 கேசட்டுக்கென்றே செய்தது போல என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சைடுக்கு முப்பது நிமிஷம்தான், பிரித்தால் இடிக்கிறது. முதல் ஆறு பாட்டும் சேர்ந்து 24 நிமிஷம் 45 வினாடி, மிச்ச ஆறு முப்பத்து மூன்றரையை நெருங்குகிறது. பி சைடு கொள்ளாது. ஏழாவதாக வருகிற 'ஐ ட்ரிங்க் வைன்' பாட்டை முன்னால் தள்ளினால் ஏ சைடு 31 நிமிஷம். சில கேசட்டில் ஒரு நிமிஷம் கூடுதலாக டேப் இருக்கும், அதை நம்பிப் பதிந்து எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

எங்கே இடிக்கிறதென்று பார்த்தால் ஆறாவது பாட்டு. 'கேன் ஐ கெட் இட்'. அதைக் கேட்கும்போதே எனக்கு உறுத்தியது. மற்றதெல்லாம் ஒரு பெண் வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்க, இது மட்டும் கிடாரும் விசிலுமாகக் கடைத்தெருவுக்கு வந்து நிற்கிறது. பாட்டு மோசமில்லை. பஸ்ஸில் போட்டால் நன்றாக ஓடும். ஆனால் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை அது. அதை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன்: ஏ சைடு ஆறு பாட்டு, 27 நிமிஷம் 31 வினாடி. பி சைடு ஐந்து பாட்டு, 27 நிமிஷம் 13 வினாடி. பதினெட்டு வினாடிதான் வித்தியாசம்! என் காது சொன்னதைக் கடிகாரமும் சொல்கிறது. நீ என்ன சண்டை போட்டாலும் இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

'ஈசி ஆன் மீ' பற்றி எல்லாரும் பேசியாகிவிட்டது. பெரும்பாலும் பியானோவும் குரலும் போதும் என்று விட்டிருக்கிறார்கள், நல்ல காரியம். பல்லவியில் 'ஈசி' என்கிற சொல்லின் முதல் எழுத்து 'ஈ'யைப் பிடித்துக்கொண்டு மேலே போய் இறங்கி, திரும்பி, அப்புறம்தான் அடுத்த எழுத்துக்கு வருகிறாள். அதைக் கேட்கும்போது எனக்குக் காருக்குறிச்சியாரின் நாதஸ்வரம் ஞாபகம் வந்தது. இந்த வருஷம் அவருக்கு நூற்றாண்டு. அவர் 1964-ல் போகும்போது எனக்கு ஒன்பது வயசு, கேட்டதெல்லாம் ரெக்கார்டில்தான். அவரையும் இவளையும் ஒரே வரியில் எழுதினேன் என்று தெரிந்தால் உன் தாத்தா எழுந்து வந்து அடிப்பார். ஆனால் ஞாபகம் வந்ததை வரவில்லை என்று எப்படிச் சொல்ல?

எனக்கு ரொம்பப் பிடித்தது நீ ஒரு வரிகூட எழுதாமல் விட்ட பாட்டு. 'ஆல் நைட் பார்க்கிங்'. ரெண்டே முக்கால் நிமிஷம்கூட இல்லை. அதில் பியானோ வாசிப்பவர் எரல் கார்னர், 1977-ல் செத்துப்போன மனுஷர். நோட்டு வாசிக்கத் தெரியாதாம் அவருக்கு, எல்லாம் காதால் பிடித்ததுதான். அவருடைய பழைய ரெக்கார்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓடவிட்டு, அதன்மேல் இவள் லேசாகப் பாடிக்கொண்டு போகிறாள். 44 வருஷம் கழித்து அந்தக் கை வந்து ஒரு சின்னப் பெண்ணின் பாட்டுக்கு வாசிக்கிறது! ராத்திரி மழைச் சத்தத்தோடு கேட்டுப் பார். உங்கள் ஊரில் மழைக்கா பஞ்சம்?

'ஹோல்ட் ஆன்' பாட்டில் கோரஸ் பாடுவது அவளுடைய சிநேகிதர்கள். தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், தேர்ந்த கோரஸ் என்றால் அந்த இடத்தில் ஒட்டாது. 'டு பி லவ்ட்' பாட்டில் கடைசியில் குரல் கிழிகிறது. கிழியட்டும் என்று விட்டிருக்கிறாள். ஆபரேஷன் செய்த தொண்டையை வைத்துக்கொண்டு இப்படிக் கத்துவாளா ஒருத்தி என்று எனக்குப் பதறியது, பாட்டை ரசிக்க முடியவில்லை. கடைசிப் பாட்டு நீளம். இருந்தாலும் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைகிற பஸ் மெதுவாகத்தானே போகும். மற்றவற்றைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது அந்த மூன்றாவது பாட்டு. 'மை லிட்டில் லவ்'.

மகனோடு பேசியதைப் போனில் பதிந்து அதைப் பாட்டுக்குள் வைத்திருக்கிறாள். கடைசியில், யாரோ சிநேகிதிக்கு அனுப்பிய செய்தி, தனியாக இருக்கிறேன் என்று அழுதுகொண்டே பேசுவது, அதையும் அப்படியே வைத்திருக்கிறாள். இந்த ஆல்பத்திலேயே தைரியமான பாட்டு இதுதான் என்று நீ எழுதியிருந்தாய். நான் முதல் தடவை கேட்டதும் நிறுத்திவிட்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டும்.

கடையில் பாட்டு மட்டும் பதியவில்லை நாங்கள். மேலப்பாளையத்தில் எத்தனையோ வீட்டு ஆம்பிளைகள் சவூதி, துபாய் என்று இருந்த காலம். போன் வீட்டுக்கு வீடு கிடையாது. கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லாதவர்கள் கடைக்கு வருவார்கள். இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டு, சிவப்பு லைட் எரிகிறதா என்று பார்த்துவிட்டு, நான் எதிரே டீக்கடைக்குப் போய்விடுவேன். பேசி முடித்ததும் பிள்ளையை அனுப்பிக் கூப்பிடுவார்கள். வந்து கேசட்டின் பின்பக்கத்து நாக்கை உடைத்துக் கொடுத்தால் அதன்மேல் யாரும் தெரியாமல் பதிய முடியாது.

அப்படி ஒரு அம்மா பேசிவிட்டுப் போய், மறுநாள் காலையில் கடை திறக்கும்முன் வந்து நிற்கிறது. "அண்ணே, இதுல நான் அழுதுட்டேன். இது அங்க போகக்கூடாது. பிள்ளை பேசுனது மட்டும் இருக்கட்டும், மிச்சத்தை அழிச்சுத் தாங்க."

உடைத்த ஓட்டையை செலோ டேப் ஒட்டி மூடினேன். பிள்ளை பேச்சு எங்கே முடிகிறதென்று தெரிந்தால்தானே அழிக்க முடியும்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். பிள்ளை குர்ஆனிலிருந்து ஏதோ சூறா ஓதிக் காட்டி, ரேங்க் கார்டு மார்க்கெல்லாம் சொல்லி முடித்தது. அப்புறம் அந்த அம்மா. பெரிதாக ஒன்றுமில்லை. பின்கட்டில் ஓடு மாற்றியது, ஆடு குட்டி போட்டது. சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிட்டது. டேப் ஓடுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். அதற்குமேல் கேட்கக் கூடாது என்று திருப்பி, பிள்ளையின் குரல் முடிகிற இடத்துக்கு வந்து, ஒலியில்லாமல் பதிய விட்டேன். அழிப்பதென்றால் அப்படித்தான், அது ஓடி முடிகிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்து காத்திருந்து வாங்கிக்கொண்டு போனது.

இவளுடைய பாட்டு கேட்டதும் எனக்கு மறுபடி அந்த ஹெட்போனை மாட்டின மாதிரி இருந்தது. அந்த அம்மா அழிக்கச் சொன்னதை இவள் ஊரெல்லாம் கேட்க வைத்துவிட்டாளே என்று கோபம்கூட வந்தது. அதுவும் சின்னப் பிள்ளையின் குரல். அப்புறம் நீ எழுதியதைப் பிரித்துப் படித்தேன். அந்தப் பையன் இருபது முப்பது வயசு ஆகும்போது, அம்மா ஏன் கல்யாணத்தை முறித்துக்கொண்டாள் என்று அவனுக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் இந்த ஆல்பமே என்று அவள் சொன்னதாக. அப்படியென்றால் இதுவும் வெளிநாட்டுக் கேசட்தான். போய்ச் சேரப் பதினைந்து இருபது வருஷம் ஆகும், அவ்வளவுதான். நடுவில் நாமெல்லாம் நின்று ஒட்டுக் கேட்கிறோம்.

கோபம் போய்விட்டது. ஆனால் தைரியம் என்று நீ சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. அழுததை அனுப்பியவள் தைரியசாலி என்றால் அழித்துவிட்டு அனுப்பியவளை என்ன சொல்வாய்? அந்தப் பாட்டை இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் அது வரும்போது எழுந்து மாடிக்குப் போய் மழை எவ்வளவு பெய்திருக்கிறதென்று பார்த்துவிட்டு ஆறரை நிமிஷம் கழித்து வந்தேன். ஆனாலும் என் லிஸ்டில் அதை எடுக்கவில்லை பார். ஏ சைடில் மூன்றாவது, அவள் வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

பழைய டபுள் டெக் டேப் ரெக்கார்டரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் ஓடுகிறது, பெல்ட் மாற்ற வேண்டும். இங்கே காலி கேசட் எங்கேயும் கிடைக்கவில்லை. அங்கே இப்போது திரும்பவும் விற்கிறார்கள் என்றாயே, சித்திரைக்கு வரும்போது இரண்டு வாங்கி வா. 60 பார்த்து வாங்கு, 90 வேண்டாம். 90-ல் டேப் மெல்லிசு, என் டெக் தின்றுவிடும்.

அன்புடன்,
அப்பா